நான் தவறாகச் சொல்லிக்கொடுத்த ஒரு பாடம்



பதிவு கொஞ்சம் நீளம். அவசரமாகப் படிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து உட்காரும்போது படித்தால் போதும். இயற்பியல் பக்கமே தலைவைக்காத உறவினர்களும் படிக்கலாம். கணக்கு அதிகம் இல்லை.

போன வாரம் என்னிடம் படித்த மாணவி ஒருத்தி போனில் பேசினாள். இப்போது அவளே மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. "சார், நீங்க சொன்ன சைக்கிள் டியூப் உதாரணத்தைத்தான் நானும் பிள்ளைங்களுக்குச் சொல்றேன். டக்குன்னு புரிஞ்சுக்கிறாங்க" என்றாள். கேட்க மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகு மனசு உறுத்த ஆரம்பித்தது. ஏனென்றால் அந்த உதாரணத்தை நான் பொருத்தின இடம் தப்பு. அது பணி ஓய்வுக்குப் பிறகு நிதானமாகப் படித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. என் தவறு என்னோடு ஓய்வுபெற்றுவிட்டது என்று நினைத்திருந்தேன். இல்லை, அது இன்னொரு வகுப்பறையில் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

என்னிடம் படித்தவர்களுக்கு அந்த வகுப்பு நினைவிருக்கும். சைக்கிள் டியூபில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று பார்க்க வால்வில் கேஜை வைக்கிறோம். "புஸ்" என்று கொஞ்சம் காற்று வெளியே போகிறது. ஆக, அளப்பதற்கு முன் இருந்த அழுத்தம் வேறு, அளந்த பிறகு இருக்கும் அழுத்தம் வேறு. அதேபோல எலக்ட்ரானைப் பார்க்க வேண்டும் என்றால் அதன் மீது ஒளி பட வேண்டும். ஒளி இடித்தால் எலக்ட்ரான் நகர்ந்துவிடும். ஆகவே அதன் இடத்தையும் உந்தத்தையும் ஒரே நேரத்தில் துல்லியமாக அளக்க முடியாது. இப்படிச் சொல்லிவிட்டு, கரும்பலகையில் ஹைசன்பர்க்கின் நிச்சயமின்மைக் கோட்பாட்டை எழுதிக் கட்டம் போடுவேன். இடத்தின் நிச்சயமின்மையையும் உந்தத்தின் நிச்சயமின்மையையும் பெருக்கினால், பிளாங்க் மாறிலியை 4 பையால் வகுத்து வரும் எண்ணுக்குக் குறையாது.

கதையும் சரி, சூத்திரமும் சரி. ஆனால் அந்தச் சூத்திரம் அந்தக் கதையைப் பற்றியது அல்ல. இரண்டும் வேறு வேறு. இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் அடைத்ததுதான் நான் செய்த பிழை. இந்தப் பிழை எனக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1923-ஆம் ஆண்டு ஜூலை மாதம். ஜெர்மனியின் மியூனிக் பல்கலைக்கழகத்தில் 21 வயது வெர்னர் ஹைசன்பர்க் முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில் உட்கார்ந்திருக்கிறார். கோட்பாட்டு இயற்பியலில் புலி. அவருடைய பேராசிரியர் சோமர்ஃபெல்டுக்கு அவர் மேல் அபார நம்பிக்கை. ஆனால் தேர்வாளர்களில் ஒருவர் வில்ஹெல்ம் வீன், நோபல் பரிசு பெற்ற சோதனை இயற்பியலாளர். தன் ஆய்வகப் பயிற்சியை இந்தப் பையன் அக்கறையாகச் செய்யவில்லை என்று அவருக்குக் கோபம். கேள்விகளை அடுக்கினார். நுண்ணோக்கியின் பகுதிறன் எதைப் பொறுத்தது? பதில் இல்லை. சேமிப்பு மின்கலம் எப்படி வேலை செய்கிறது? அதற்கும் பதில் இல்லை. வீன் அவரைத் தோல்வியடையச் செய்யவே நினைத்தார். சோமர்ஃபெல்டின் பரிந்துரையால் சாதாரணத் தேர்ச்சி கிடைத்தது. அன்று இரவு சோமர்ஃபெல்டு வீட்டு விருந்திலிருந்து பாதியில் கிளம்பிய ஹைசன்பர்க், நள்ளிரவு ரயிலைப் பிடித்து, மறுநாள் காலை கோட்டிங்கன் நகரில் பேராசிரியர் மாக்ஸ் போர்ன் முன்னால் போய் நின்றார். இப்படி மார்க் வாங்கியிருக்கிறேன், இனியும் என்னை உதவியாளராக வைத்துக்கொள்வீர்களா என்று கேட்பதற்காக.

பகுதிறன் என்றால் இரண்டு நெருக்கமான புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்டும் திறன். அது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஒன்று, பயன்படுத்தும் ஒளியின் அலைநீளம். இன்னொன்று, லென்ஸின் வாய் எவ்வளவு அகலம் என்பது. இந்த இரண்டாவது விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டுகள் கழித்து அது மறுபடியும் வந்து ஹைசன்பர்க்கைப் பிடித்துக்கொண்டது.

1925-இல் அதே ஹைசன்பர்க் குவாண்டம் இயக்கவியலின் முதல் வடிவத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அதில் எலக்ட்ரானுக்குப் பாதை என்ற ஒன்றே கிடையாது. ஆனால் முகில் அறை என்ற கருவியில் எலக்ட்ரான் போன தடம் கோடு கோடாகக் கண்ணுக்குத் தெரிகிறது. பாதையே இல்லை என்றால் கோடு எப்படி வந்தது? 1927 பிப்ரவரியில் இந்தக் கேள்வியோடு கோபன்ஹேகனில் நீல்ஸ் போரின் ஆய்வு நிலையத்து மாடியறையில் அவர் தனியாக இருந்தார். போர் நார்வேக்குப் பனிச்சறுக்குக்குப் போயிருந்தார். நிலையத்துக்குப் பின்னால் உள்ள பூங்காவில் ஒரு நாள் இரவு நடந்தபோது ஹைசன்பர்க்குக்குப் பொறி தட்டியது. முகில் அறையில் நாம் பார்ப்பது பாதை அல்ல, வரிசையாக நீர்த்துளிகள். ஒவ்வொரு துளியும் எலக்ட்ரானோடு ஒப்பிட்டால் மலை போன்றது. ஆக, நாம் பார்ப்பது தோராயமான இடமும் தோராயமான வேகமும்தான். அந்தத் தோராயத்தை எவ்வளவு வரை குறைக்கலாம்? இதுதான் சரியான கேள்வி.

பிப்ரவரி 23-ஆம் தேதி நண்பர் பவுலிக்கு 14 பக்கக் கடிதம் எழுதினார். சரியாக ஒரு மாதத்தில் கட்டுரை பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்தது. அதில்தான் புகழ்பெற்ற காமாக் கதிர் நுண்ணோக்கி வருகிறது. யாரும் செய்து பார்த்த சோதனை அல்ல, மனசுக்குள் செய்யும் சோதனை. சாதாரண ஒளியின் அலைநீளம் பெரியது, அதனால் எலக்ட்ரானின் இடம் துல்லியமாகத் தெரியாது. காமாக் கதிரின் அலைநீளம் மிகச் சிறியது, இடம் துல்லியமாகத் தெரியும். ஆனால் காமாக் கதிர் பலமாக இடிக்கும். எலக்ட்ரானின் உந்தம் கலைந்துபோகும். இட அளவீட்டின் பிழை குறையக் குறைய, உந்தத்துக்கு ஏற்படும் இடையூறு கூடும். இரண்டின் பெருக்கல் சுமாராகப் பிளாங்க் மாறிலி அளவு இருக்கும். "சுமாராக" என்பதைக் கவனியுங்கள். பிழை என்றால் என்ன, இடையூறு என்றால் என்ன என்று அவர் அங்கே கறாராக வரையறை செய்யவில்லை.

போர் திரும்பி வந்து கட்டுரையைப் படித்தார். நுண்ணோக்கியில் ஓட்டை இருக்கிறது என்றார். ஒளி இடித்தால் எலக்ட்ரான் நகரும், சரி. ஆனால் ஒளி எந்தத் திசையில் எவ்வளவு உந்தத்தோடு போனது என்று தெரிந்துவிட்டால், எலக்ட்ரான் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்குப் போட்டுக் கழித்துவிடலாமே! கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் போன திசை தெரிந்தால் காய் போன திசையைச் சொல்லிவிடுகிறோம் அல்லவா? இடிப்பது மட்டும் காரணமாக இருக்க முடியாது. உண்மையான காரணம், லென்ஸின் வாய் அகலமானது என்பது. சிதறிய ஒளி அந்த வாய்க்குள் எந்தக் கோணத்தில் நுழைந்தது என்று நமக்குத் தெரியாது. வாயைச் சுருக்கினால் கோணம் தெரியும், ஆனால் பகுதிறன் போய்விடும், இடம் மங்கிவிடும். ஆக, வீன் 1923-இல் கேட்ட அதே கேள்வியில் ஹைசன்பர்க் மறுபடியும் இடறியிருந்தார்.

கட்டுரையை நிறுத்து என்று போர் வற்புறுத்தினார். ஹைசன்பர்க் மறுத்தார். பல நாள் விவாதம் நடந்தது. போரின் நெருக்குதல் தாங்காமல் ஒரு கட்டத்தில் தான் அழுதேவிட்டதாக ஹைசன்பர்க்கே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கடைசியில், அச்சுப்படி திருத்தும்போது ஒரு பின்குறிப்புச் சேர்த்தார். தான் சில முக்கிய அம்சங்களைக் கவனிக்கத் தவறியதைப் போர் சுட்டிக்காட்டினார் என்று அதில் ஒப்புக்கொண்டு நன்றியும் சொன்னார். 25 வயதில் உலகையே புரட்டும் கட்டுரை எழுதிவிட்டு, அதன் கடைசியிலேயே தன் பிழையை ஒப்புக்கொண்டிருக்கிறார். அதைப் படித்தபோது, எனக்கு என்ன தயக்கம் என்று தோன்றியது.

இப்போது சூத்திரத்துக்கு வருவோம். நான் கட்டம் போட்டேனே, 4 பையால் வகுத்த சூத்திரம், அது ஹைசன்பர்க்கின் அந்தக் கட்டுரையில் இல்லை. அதே 1927-இல், கோட்டிங்கனுக்கு வந்திருந்த அமெரிக்கர் கென்னார்டு நிரூபித்தது அது. 1929-இல் ராபர்ட்சன் என்ற இன்னொரு அமெரிக்கர் அதை எல்லா அளவுகளுக்கும் பொதுவாக்கினார். கென்னார்டின் நிரூபணத்தில் நுண்ணோக்கி இல்லை, ஒளி இல்லை, இடிப்பது இல்லை. அளக்கும் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை. பிறகு எதைப் பற்றியது?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். குவாண்டம் பானையில் அது நடக்காது. ஒரே மாதிரி தயார் செய்த 1,000 எலக்ட்ரான்களை எடுத்துக்கொள்வோம். முதல் 500-இல் இடத்தை மட்டும் அளக்கிறோம். எல்லாமே ஒரே மாதிரி தயாரானவை என்றாலும் விடைகள் வேறு வேறாக வரும். அந்த விடைகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று பார்க்கிறோம். பிளஸ் ஒன்னில் படித்த திட்ட விலக்கம்தான், வேறொன்றும் இல்லை. அடுத்த 500-இல் உந்தத்தை மட்டும் அளந்து அதன் பரவலைப் பார்க்கிறோம். இரண்டு பரவல்களையும் பெருக்கினால் அந்த எண்ணுக்குக் குறையாது. கென்னார்டு நிரூபித்தது இதைத்தான்.

இதில் எந்த எலக்ட்ரானையும் நாம் இரண்டு முறை அளக்கவில்லை. இடத்தை அளந்த எலக்ட்ரானின் உந்தத்தை யாரும் கேட்கவே இல்லை. அப்படியானால் ஓர் அளவீடு இன்னொன்றைக் கலைத்தது என்று எப்படிச் சொல்வது? கருவி எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும் பரவல் பரவல்தான். அது எலக்ட்ரான் இருக்கும் நிலையின் குணம். அணுவின் அளவான, ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கான இடத்துக்குள் எலக்ட்ரானை அடக்கினால், அதன் வேகத்தின் பரவல் வினாடிக்குச் சுமார் 580 கிலோமீட்டருக்குக் குறையாது. யாரும் எட்டிப்பார்க்காத அணுவிலும் அப்படித்தான். எலக்ட்ரான் கருவுக்குள் விழுந்துவிடாமல் அணு அணுவாக நிற்பதற்கே இது ஒரு காரணம். நாம் அளப்பதனால் அணு நிற்கவில்லை.

ஆக, இரண்டு கேள்விகள். ஒரு நிலையில் இடமும் உந்தமும் எவ்வளவு பரவியிருக்கும் என்பது முதல் கேள்வி. இடத்தை இவ்வளவு பிழையோடு அளந்தால் உந்தம் எவ்வளவு கலையும் என்பது இரண்டாவது. ஹைசன்பர்க்கின் நுண்ணோக்கி இரண்டாவது கேள்வியைக் கேட்டது. கென்னார்டின் சூத்திரம் முதல் கேள்விக்குப் பதில் சொன்னது. 1929-இல் சிகாகோவில் ஆற்றிய உரைகளை ஹைசன்பர்க் மறு ஆண்டு புத்தகமாக்கியபோது, நிரூபணமும் நுண்ணோக்கியும் ஒரே அத்தியாயத்தில் இடம்பெற்றன. நுண்ணோக்கி எளிதாகப் புரியும். சூத்திரம் சுருக்கமாக எழுத வரும். பாடம் நடத்துகிறவருக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? உலகம் முழுக்க ஒன்றின் கதையை இன்னொன்றின் சூத்திரத்துக்கு விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

இடையில் நம் ஊர்ச் சேதி ஒன்று. அந்தச் சிகாகோ உரைகளை முடித்து, ஜப்பான் வழியாக ஊர் திரும்பும் பயணத்தில், 1929 அக்டோபரில் ஹைசன்பர்க் மதராசுக்கு வந்தார். அவரோடு ஒரு நாள் முழுக்க இருக்கும் வாய்ப்பு பிரசிடென்சி கல்லூரி மாணவர் ஒருவருக்குக் கிடைத்தது. இரவில் மெரினா கடற்கரைச் சாலையில் அவரோடு காரில் போனார். அந்த மாணவர் யார் தெரியுமா? பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். அப்போது அவருக்கு ஏறக்குறைய 19 வயது. இதை எந்த வகுப்பிலும் நான் சொல்லாமல் விட்டதற்கும் இப்போது வருத்தப்படுகிறேன்.

சரி, இரண்டாவது கேள்வி என்ன ஆயிற்று? பல பத்தாண்டுகள் பெரும்பாலோர் அதைத் தனிக் கேள்வியாகவே பார்க்கவில்லை. அதைக் கிளறிவிட்டவர்கள் ஈர்ப்பு அலைகளைத் தேடியவர்கள். தொலைதூரத்தில் இரண்டு கருந்துளைகள் மோதினால் இங்கே பூமியில் ஒரு கண்ணாடி கடுகளவுகூட அசையாது. புரோட்டானின் விட்டத்தில் நூற்றில் ஒரு பங்கைவிடக் குறைவாக அசையும். அதை அளக்க வேண்டும். ஒரு பொருளின் இடத்தை ஒரு முறை அளந்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அளந்தால் அசைவு தெரியும். ஆனால் முதல் அளவீடு உந்தத்தைக் கலைத்திருக்கும், அதனால் இரண்டாவது அளவீட்டில் இடமும் மாறியிருக்கும். ஆகவே இதற்குமேல் துல்லியம் கிடையாது என்று ஒரு வரம்பைச் சொன்னார்கள். மாஸ்கோவின் பிராகின்ஸ்கி இதில் முன்னோடி. கோடிக்கணக்கில் செலவழித்துக் கருவி கட்டுவதா வேண்டாமா என்ற இடத்தில் இந்த வரம்பு வந்து நின்றது. இப்போது "சுமாராக" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

1983-இல் ஹோரஸ் யுவன், அந்த வரம்பைத் தாண்ட முடியும் என்று எழுதினார். 1985-இல் கார்ல்டன் கேவ்ஸ், முடியாது என்று வரம்புக்கு ஆதரவாக வாதாடினார். 1988-இல் ஜப்பானின் மசனாவோ ஓசாவா, வரம்பைத் தாண்டும் ஓர் அளவீட்டு முறையைக் கணக்கோடு காட்டினார். அப்படியானால் பிழைக்கும் இடையூறுக்கும் இடையில் உண்மையான விதிதான் என்ன? அந்தக் கேள்வியை ஓசாவா விடவில்லை. 2003-இல் விடையை வெளியிட்டார்.

அவருடைய விதியில் மூன்று உறுப்புகள். பிழையையும் இடையூறையும் பெருக்கியது ஒன்று. பிழையை உந்தத்தின் பரவலோடு பெருக்கியது இரண்டு. இடையூறை இடத்தின் பரவலோடு பெருக்கியது மூன்று. இந்த மூன்றையும் கூட்டினால்தான் அந்தப் பழைய வரம்புக்குக் குறையாமல் இருக்கும். முதல் உறுப்பு மட்டும் தனியாக வரம்புக்குக் கீழே போகலாம். பூஜ்ஜியமாகக்கூட ஆகலாம்.

2012 ஜனவரியில் வியன்னாவில் ஹசேகாவா குழுவினர் ஓசாவாவோடு சேர்ந்து இதைச் சோதித்துக் காட்டினார்கள். அங்குள்ள சிறிய ஆராய்ச்சி அணு உலையிலிருந்து வரும் நியூட்ரான்களின் ஸ்பின்னை இரண்டு கருவிகளில் அடுத்தடுத்து அளந்தார்கள். முதல் கருவி ஒரு திசையில், இரண்டாவது அதற்குச் செங்குத்தான திசையில். முதல் கருவியை வேண்டுமென்றே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, பிழையைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். முதல் கருவி சரியான திசையில் நிற்கும்போது பிழை 0. அப்போது இடையூறு 1.41. ஸ்பின்னுக்கு இரண்டே விடைகள்தான் உண்டு. ஆகவே இடையூறுக்கும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது, அது எல்லையில்லாமல் போக முடியாது. பூஜ்ஜியத்தை 1.41-ஆல் பெருக்கினால் பூஜ்ஜியம். வரம்போ 1. நுண்ணோக்கி விதியை அப்படியே ஸ்பின்னுக்குப் பொருத்தினால் அது உடைந்துவிட்டது. ஓசாவாவின் கூட்டுத்தொகை 1.41, வரம்புக்கு மேலேயே நின்றது. அதே ஆண்டு கனடாவின் டொரன்டோவில் ஸ்டைன்பர்க் குழுவினர் ஒளித்துகள்களைக் கொண்டு வேறு வழியில் செய்தார்கள். ஒவ்வொரு துகளையும் ஏறக்குறைய தொட்டும் தொடாமலும் அளந்து, ஏராளமான அளவீடுகளின் சராசரியிலிருந்து விடை எடுக்கும் முறை அது. முடிவு அங்கும் அதேதான்.

"ஹைசன்பர்க் தவறு" என்று அப்போது செய்திகள் வந்தன. அவசரத் தலைப்பு. கென்னார்டின் பரவல் விதியை யாரும் தொடவில்லை. அது இன்றுவரை ஒரு சோதனையிலும் உடைந்ததில்லை.

கதை அதோடு முடியவில்லை. 2013-இல் பால் புஷ், பெக்கா லாட்டி, ரைன்ஹார்டு வெர்னர் என்ற மூவர், ஹைசன்பர்க்கின் பிழை–இடையூறு விதியை நிரூபித்துவிட்டோம் என்று எழுதினார்கள். இடத்துக்கும் உந்தத்துக்கும் அந்த எளிய பெருக்கல் விதியே சரிதான் என்றார்கள். ஒரு பக்கம் உடைத்துவிட்டோம் என்கிறார்கள், இன்னொரு பக்கம் நிரூபித்துவிட்டோம் என்கிறார்கள். யார் கணக்கில் தப்பு? யார் கணக்கிலும் தப்பில்லை. "பிழை" என்ற சொல்லுக்கு இரண்டு தரப்பும் வைத்திருக்கும் பொருள் வேறு.

மளிகைக் கடைத் தராசை வைத்துச் சொல்கிறேன். இந்த ஒரு மூட்டையை நிறுத்தபோது தராசு எவ்வளவு தவறாகக் காட்டியது என்று கேட்பது ஒரு வகை. எந்த மூட்டையை வைத்தாலும் இந்தத் தராசு அதிகபட்சம் எவ்வளவு தவறு செய்யும் என்று கேட்பது இன்னொரு வகை. தராசுக்கு முத்திரை போட வரும் அதிகாரி கேட்பது இரண்டாவது. ஓசாவாவின் பிழை முதல் வகை, அது குறிப்பிட்ட ஒரு நிலையைப் பொறுத்தது. புஷ் குழுவினரின் பிழை இரண்டாவது வகை, அது கருவியின் தரம்.

அவர்கள் ஓசாவா மீது ஒரு குறையும் சொன்னார்கள். பிழை என்றால் கருவி காட்டும் மதிப்புக்கும் உண்மை மதிப்புக்கும் உள்ள வித்தியாசம். மூட்டைக்கு ஓர் உண்மை எடை இருக்கிறது, சரி. குவாண்டம் துகளுக்கு அளப்பதற்கு முன் அப்படி ஓர் உண்மை மதிப்பை வைத்துக்கொண்டு கழித்துப் பார்க்க முடியுமா? முடியாது என்பதால் அவர்கள் ஒற்றை மதிப்புகளை விட்டுவிட்டு, கருவி தரும் விடைகளின் பரவல் முழுவதையும், பிழையில்லாத கருவி தரக்கூடிய பரவலோடு ஒப்பிட்டார்கள். தன் வரையறை ஏன் பொருத்தமானது என்று ஓசாவா பதில் சொன்னார். எது மேல் என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் ஒன்றில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். பிழையும் இல்லாமல், இடையூறும் இல்லாமல் இரண்டையும் அளந்துவிடும் கருவி பொதுவாகச் சாத்தியமில்லை. ஒன்றில் மிச்சம் பிடித்தால் இன்னொன்றில் கொடுக்க வேண்டும். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதில்தான் சண்டை.

ஈர்ப்பு அலைத் தேடல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ கருவிகள் முதல் ஈர்ப்பு அலையைப் பிடித்தன. லைகோவின் கண்ணாடி ஒவ்வொன்றும் 40 கிலோ. லேசர் ஒளியின் குவாண்டம் ஏற்ற இறக்கம் அந்தக் கண்ணாடிகளையே மெல்ல அசைக்கிறது என்பதை 2020-இல் வெளியான ஆய்வில் காட்டினார்கள். அளப்பது கலைக்கிறது என்பது 40 கிலோ கண்ணாடியிலும் நிஜம்! ஒளியைத் தனி முறையில் பக்குவப்படுத்திச் செலுத்தி, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் பகுதியில் அந்தப் பழைய வரம்புக்குக் கீழேயே இரைச்சலைக் கொண்டுபோய்விட்டதாக 2024-இல் அறிவித்தார்கள். இது ஓசாவா காட்டின வழி அல்ல, வேறு வழி. ஆனால் சுவர் என்று நினைத்தது சுவர் அல்ல என்பது தெரிந்துவிட்டது. பழைய பாடத்தை அப்படியே நம்பி உட்கார்ந்திருந்தால் அது நடந்திருக்காது.

கடைசியாக, என்னை ரொம்ப நாளாக உறுத்தும் ஒரு விஷயம். தொண்ணூறுகளில் ஒரு பிளஸ் டூ வகுப்பு. டியூப் உதாரணம் சொல்லி முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், நாம அளக்காம விட்டுட்டா எலக்ட்ரான் ஒரு இடத்துல, ஒரு வேகத்துல இருக்கத்தானே சார் செய்யும்?" என்று கேட்டான். "இருக்கும்டா, நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். உட்காரு" என்றேன். அவனும் உட்கார்ந்துவிட்டான். அந்தப் பாடத்தில் கேட்க வேண்டிய ஒரே கேள்வியை அவன்தான் கேட்டான். நான் சொன்ன பதில் தப்பு.

தம்பி, நீ இதைப் படிக்கிறாயா என்று தெரியவில்லை. படித்தால், முப்பது வருஷம் தாமதமாக என் பதில் இது. நாம் அளக்காமல் விட்டாலும், துல்லியமான இடமும் துல்லியமான உந்தமும் சேர்ந்த நிலை என்று ஒன்று குவாண்டம் கோட்பாட்டில் இல்லை. அது நமக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கிறது என்பது அல்ல, அப்படி ஒரு நிலையைத் தயாரிக்கவே முடியாது. டேவிட் போம் என்பவர் 1952-இல், துகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு என்று வைத்துக்கொண்டே ஒரு கோட்பாடு அமைத்துக் காட்டினார். ஆகவே உன் கேள்வி சின்னக் கேள்வி அல்ல, பெரியவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கும் கேள்வி. ஆனால் போமின் வழியிலும் பரவல் விதி மாறவில்லை. உன்னை உட்காரச் சொன்னதற்கு மன்னித்துக்கொள்.

இப்போது ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டியூப் உதாரணத்தைத் தூக்கிப்போட வேண்டாம். அளவீடு கலைக்கும் என்பதைச் சொல்ல அது நல்ல உதாரணம்தான். அதைச் சொல்லிவிட்டு, அது ஒரு தனிக் கேள்வி, அதன் விடை இந்த நூற்றாண்டில்தான் துலங்கி வருகிறது என்று சொல்லுங்கள். கட்டம் போட்ட சூத்திரத்தை எழுதும்போது 1,000 எலக்ட்ரான்களை இரண்டு பங்காகப் பிரித்த கதையைச் சொல்லுங்கள். கூடுதலாகப் பத்து நிமிஷம் ஆகும். பாடத்திட்டம் முடியவில்லை என்ற கவலை எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் யாராவது கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தால், தயவுசெய்து உட்காரச் சொல்லாதீர்கள்.

போனில் பேசிய அந்த மாணவிக்கு நேற்று இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "சரி சார், திங்கட்கிழமை நானே கிளாஸ்ல திருத்திச் சொல்லிடறேன்" என்றாள். எனக்கு அது போதும்.

நான் எழுதியதில் ஏதேனும் தவறு இருந்தால் கீழே தயங்காமல் எழுதுங்கள். சார் கோபித்துக்கொள்வார் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலம் போய்விட்டது.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்